பொழுதோடு புளிக்கும் கள்: வில்லியனூர், பாகூர் வட்டாரத்துப் பனைத்தொழிலும் ஈஸ்ட்டின் கால ஒழுங்கும்

வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டும் புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்கள். கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி 1880ஆம் ஆண்டு ஆணையால் ஏற்படுத்திய உள்ளாட்சி அலகு, அந்தப் பெயர் இன்றும் அப்படியே வழங்குகிறது. சங்கராபரணி ஆற்றங்கரையில் வில்லியனூரும், தென்பெண்ணைக்கு வடக்கே பெரிய ஏரி ஒன்றின் பாசனத்தில் பாகூரும் அமைந்திருக்க, இவற்றைச் சேர்ந்த ஊர்கள் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களோடு ஒட்டியும் ஊடுருவியும் கிடப்பதால், பல இடங்களில் ஒரு வரப்பைத் தாண்டினால் ஆளும் சட்டம் மாறிவிடும். வரப்புக்கு இப்பால் உரிமம் பெற்று இறக்கி விற்கப்படும் கள், அப்பால் 1987 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள். இந்த வேறுபாட்டுக்குப் பிரெஞ்சு ஆட்சியையும் சென்னை மாகாணத்து மதுவிலக்கையும் காரணம் காட்டுவது வழக்கம், அது சரியே. ஆயினும் இவ்வட்டாரத்தில் கள்ளுக்கு வரி விதித்தவர்களும், அதைக் குத்தகைக்கு விட்டவர்களும், அதைத் தடுத்தவர்களும் கலயத்துக்குள் வாழும் நுண்ணுயிரி ஒன்றின் கால ஒழுங்குக்கு உட்பட்டே எதையும் செய்ய முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கள் ஏன் ஊருக்குள்ளேயே நின்றது, சாராயம் ஏன் அரசின் செல்லப்பிள்ளை ஆனது என்பவை விளங்கும்.

இப்பகுதியில் மதுவின் வரலாறு பழையது. புதுச்சேரிக்கு வடக்கே ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, மரக்காணம் பகுதியைச் சார்ந்ததாகக் கருதப்படும் எயிற்பட்டினத்தில் நுளையர் பெண்கள் அரித்து, பரதவர் தந்த முதிர்ந்த தேறலைப் பற்றிக் கூறுகிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்து இறங்கிய ஆம்போரா எனப்படும் இருகைச் சாடிகளின் உடைசல்களை வெளிப்படுத்தியது. வாய் அடைக்கப்பட்ட சாடியில் அந்த மது பல மாதக் கடற்பயணத்தைத் தாங்கி வந்து சேர்ந்தது. அதே கடற்கரையில் பனையிலிருந்து இறங்கிய கள் அடுத்த நாட்டுக்கு அல்ல, அடுத்த நாளுக்கே செல்லத் தகுதியற்றது. வணிக வரலாற்றில் கள்ளுக்கு இடமே இல்லாமல் போனதற்கும், வரி வரலாற்றில் அதற்கு எப்போதும் இடம் இருந்ததற்கும் இந்த இயல்பே காரணம். பல்லவர் செப்பேடுகளில் கொடையாக வழங்கப்பட்ட ஊர்களுக்கு விலக்கப்படும் வரிகளின் வரிசையில் ஈழப்பூட்சி என்ற கள்ளிறக்கு வரி வருகிறது. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடு, கொடை நிலத்துத் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்று விதிக்கிறது. விற்கும் சரக்கைத் தொடர்ந்து சென்று வரி வாங்க இயலாத நிலையில், அசையாமல் நிற்கும் மரத்தையும் அதில் ஏறும் ஆளையும் பிடித்துக்கொள்வதே அரசுக்கு எளிது என்பதை அந்தக் காலத்து அதிகாரிகள் நன்றாகவே அறிந்திருந்தனர்.

ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் வரிசையாக நிற்கும் பனையில் கள் இறக்கும் முறை, கருவிகளின் பெயர்கள் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும், அடிப்படையில் ஒன்றே. மரமேறிகள், இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் கிராமணி எனப்படும் சமூகத்தினர், காலில் தளைநார் மாட்டி ஏறி, விரியாத பாளையை மரக் கடிப்பால் பல நாள் மெல்ல நசுக்கிப் பதப்படுத்தி, பிறகு அதன் நுனியை அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவி, மண் கலயத்தை அதில் கட்டுவர். காலையும் மாலையும் ஏறிச் சீவாவிட்டால் வெட்டு வாய் காய்ந்து ஊற்று நின்றுவிடும். பாளையிலிருந்து வடியும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ், இருக்கிறது. ஆல்கஹால் சிறிதும் இல்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறக்குவது பதநீர். தடவாமல், முந்திய நாளின் வண்டலோடு கட்டியிருந்தால் இறக்குவது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. இரண்டையும் பிரிப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

அந்த வண்டல்தான் கதையின் மையம். அதில் படிந்திருப்பவை ஈஸ்ட் செல்கள். காளான் இனத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிரிகளான இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கு அளவே உடையவை. கள்ளில் பலவகை ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும் கலந்து வாழ்ந்தாலும், ஆல்கஹாலை உண்டாக்கும் வேலையில் முன்நிற்பது சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற இனம். புதுச்சேரி நகரத்து ரொட்டிக் கடைகளில் மாவை உப்பச் செய்வதும் இதே இனம்தான். கலயத்தில் புதிய சாறு சொட்டத் தொடங்கியதும் இந்தச் செல் முதலில் இன்வர்ட்டேஸ் என்ற நொதியைத் தன் சுவருக்கு வெளியே அனுப்பி, சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு அது எடுக்கும் முடிவு வேதியியல் கணக்கில் வீண்செலவு போலத் தோன்றுவது: காற்று இருந்தாலும்கூட, சர்க்கரை மிகுந்திருக்கும் வரை அதை முழுவதும் எரிக்காமல், பாதியில் நிறுத்தி ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் வெளியேற்றிவிடுகிறது. முழுதும் எரித்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றலில் மிகச் சிறு பங்கே இதில் கிட்டும். ஆனால் இந்த வழி வேகமானது. போட்டியிடும் பிற உயிரிகளுக்குச் சர்க்கரை எட்டாமல் செய்துவிடும். வெளியேற்றிய ஆல்கஹால் அவற்றில் பலவற்றுக்கு நஞ்சு. சர்க்கரை தீர்ந்த பின் அந்த ஆல்கஹாலையே ஈஸ்ட் உணவாகக் கொள்ளவும் முடியும். ஊரார் கள் என்று குடிப்பது, உண்மையில், ஈஸ்ட் பின்னாளுக்காக விட்டுவைத்த சேமிப்பு.

உணவு கிடைப்பதும் உடல் வளர்வதும் செல் பிரிவதும் தனித்தனியே நடந்தால் அந்தச் செல் அழிந்துவிடும். வளராமல் பிரிந்தால் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துப்போகும், உணவின்றிப் பிரியத் தொடங்கினால் மரபுப் பொருளைப் பாதியில் இரட்டித்த நிலையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஈஸ்ட் இம்மூன்றையும் ஒரு வாசலில் கொண்டுவந்து இணைக்கிறது. சர்க்கரை வந்திருக்கிறது என்ற செய்தியை ஒரு புரதத் தொடரும், புரதம் கட்டத் தேவையான நைட்ரஜன் சத்து வந்திருக்கிறது என்ற செய்தியை டார் எனப்படும் வேறொரு தொடரும் செல்லுக்குள் எடுத்துச் செல்கின்றன. இரண்டும் சாதகமாக இருந்தால் புரதம் நெய்யும் தறிகளான ரைபோசோம்கள் பெருகி, செல் பருக்கத் தொடங்குகிறது. பிரிவைத் தடுத்து நிறுத்தும் விஐ5 என்ற புரதத்தின் அளவு கூடாமல் இருக்க, செல்லின் பருமன் மட்டும் கூடுவதால், அத்தடை நீர்த்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் வலுவிழக்கிறது என்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிஎல்என்3 என்ற மற்றொரு புரதம் அந்தத் தடையை விலக்குவதற்குத் துணைநிற்கிறது. தொடக்கம் என்று அறிவியலாளர் பெயரிட்ட இந்தக் கட்டத்தைத் தாண்டிய செல், பிறகு சர்க்கரை குறைந்தாலும் பின்வாங்குவதில்லை: மரபுப் பொருளை இரட்டித்து, பக்கவாட்டில் ஒரு மொட்டு விட்டு, உட்கருவின் பாதியை அதற்குள் தள்ளி, மொட்டு முதிர்ந்ததும் அதைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த இடத்தில் தாய்ச் செல்லின் சுவரில் ஒரு வடு நிலைத்துவிடும். ஒரு தாய் சராசரியாக இருபதுக்கு மேற்பட்ட முறை ஈன்ற பின் ஓய்ந்து மடியும். சேய்ச் செல் தாயைவிடச் சிறியது என்பதால், தன் முதல் மொட்டை விடுமுன் அது கூடுதல் நேரம் வளர்ந்தாக வேண்டும்.

நல்ல உணவும் முப்பது பாகை வெப்பமும் கிடைத்தால் இந்தச் சுற்று முழுவதும் சுமார் 90 நிமிடத்தில் முடிகிறது. பங்குனி, சித்திரையில் பாகூர் வெளியில் அந்த வெப்பத்துக்குக் குறைவே இல்லை. மாலை ஆறு மணிக்குக் கட்டிய கலயத்தைக் காலை ஆறு மணிக்கு இறக்கினால் இடையில் எட்டு இரட்டிப்புகள், அதாவது ஒரு செல்லுக்கு 256 செல்கள். வண்டலில் ஏற்கெனவே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும்போது அத்தனை பெருக்கம்கூடத் தேவையில்லை. விடியும்போதே கலயத்தில் நுரை தளும்பி நிற்கும். காலையில் இனிப்பும் காரமும் கலந்திருக்கும் கள், உச்சிப் பொழுதுக்குள் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு ஆல்கஹாலை எட்டி, மாலையில் அசட்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் கைக்கு மாறிக் காடியாகத் தொடங்கும். அதற்குள் சர்க்கரையும் நைட்ரஜனும் தீர்ந்த ஈஸ்ட் செல்கள் வளர்ச்சியை நிறுத்தி, தொடக்க வாசலுக்கு இப்பாலேயே நின்று, சேமிப்புச் சர்க்கரையோடு அடியில் படிந்து உறங்கும்; மறுநாள் கலயத்தில் புதுச் சாறு விழும்போது விழித்துக்கொள்ளும் விதை அதுவே. கலயத்தைத் துப்புரவாகக் கழுவாத மரமேறியின் வழக்கத்தை அழுக்கு என்று எழுதிய வெளியூர் அதிகாரிகள் அவனுடைய தொழிலின் மூலதனத்தையே அழுக்கு என்றனர்.

சுண்ணாம்பு இந்த ஒழுங்கை அதன் வாசலிலேயே மறிக்கிறது. ஈஸ்ட் சற்றுப் புளிப்பான சூழலில் வாழப் பழகியது. தன் சுவருக்கு வெளியே புரோட்டான்களை இறைத்து, அவை திரும்ப உள்ளே பாயும் விசையில் அமினோ அமிலம், பாஸ்பேட் போன்ற சத்துகளை இழுத்துக்கொள்வது அதன் வழி. சுண்ணாம்பின் காரம் அந்தப் புரோட்டான்களை விழுங்கிவிட, சாற்றில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல் பட்டினி கிடக்கிறது, வளர்வதில்லை, பிரிவதில்லை. பதநீர் இனிப்பாகவே வீடு வந்து வெல்லமாகக் காய்வதற்கு இதுவே அடிப்படை.

இந்தப் பின்னணியில்தான் பிரெஞ்சு ஆட்சியின் வருவாய் முறையைப் பார்க்க வேண்டும். கர்நாடகப் போர்களின் நடுவே 1749இல் சந்தா சாகிப் வழியாக வில்லியனூர்ச் சீமை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பாகூர்ச் சீமையும் அதே காலத்தில் சேர்ந்தது. 1752இல் பாகூர் வெளியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலப் படையிடம் பிரெஞ்சுப் படை தோற்றாலும், 1783இன் வெர்சாய் உடன்படிக்கை இந்த ஊர்களைப் பிரான்சுக்கே திருப்பித் தந்தது. நெல் விளையும் இச்சீமைகளின் நிலத்தீர்வைக்கு அடுத்தபடி அரசு கண்வைத்தது சாராயத்தின் மீதும் கள்ளின் மீதும்தான். விற்கும் உரிமையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டு, வசூல் தலைவலியைக் குத்தகைதாரர் தலையில் ஏற்றுவது அக்காலத்துப் பொது வழக்கம். குத்தகைதாரருக்கோ கள்ளும் சாராயமும் இருவேறு தொழில்கள். கள்ளை மரத்தடிக்கு அருகிலேயே, இறக்கிய பொழுதே விற்றாக வேண்டும். ஆகவே ஊருக்கொரு கடை, கடைக்கொரு மரமேறிக் கூட்டம், யாருக்கும் பெரிய இலாபம் இல்லை. சாராயத்துக்கு வெல்லத்தை நீரில் கரைத்து, வெள்வேல மரப்பட்டையைப் போட்டு, ஊறல் என்ற நொதிக்கும் கரைசலைப் பல நாள் புளிக்கவைத்து, வாலையில் காய்ச்சி வடிப்பர். வாலையின் சூட்டில் ஈஸ்ட் செல் ஒன்றும் மிஞ்சாது. வடித்ததில் ஆல்கஹாலின் செறிவும் அதிகம் என்பதால் பிறகு எதுவும் அதில் வளராது. பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கும், வண்டியில் ஏறும், முத்திரை இட்டு எண்ணலாம், கிடங்கில் வைத்து வரி வாங்கலாம். அரசாங்கங்கள் சாராயத்தை விரும்பியதற்குக் குடிமக்களின் சுவை காரணமாக இருந்ததாகத் தெரியவில்லை. கணக்கெழுத வசதியானது சாராயம். கள் கணக்குக்குக் காத்திருக்காது.

நொதித்தல் உயிருள்ள செல்லின் வேலை என்று 1857 முதல் வாதிட்ட லூயி பாஸ்டர் பிரெஞ்சுக்காரர் என்பதும், அவருடைய வழிவந்த ஆல்பர் கால்மெட் 1891இல் சைகோனில் ஆய்வகம் நிறுவி அங்கே அரிசிச் சாராயத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கவை. அந்த ஆய்வின் பயன் இந்தோசீனாவில் சாராய உற்பத்தியைச் சில ஆலைகளின் கையில் குவிப்பதற்கு உதவியது. சைகோனின் அரசு அலுவலகங்களில் அப்போது புதுச்சேரித் தமிழர் பலர் பணிபுரிந்தனர். புதுச்சேரியின் பனங்கள்ளுக்கோ அத்தகைய ஆய்வு எதுவும் பெரிதாக வாய்க்கவில்லை. காற்றுள்ள இடத்தில் ஈஸ்ட் அதிகம் பெருகிக் குறைவாகப் புளிக்கவைக்கிறது என்று பாஸ்டர் 1861இல் கண்டதும், உயிரற்ற ஈஸ்ட் சாறே சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் என்று எட்வர்ட் புக்னர் 1897இல் காட்டியதும் ஐரோப்பிய மதுத் தொழிலை மையமாகக் கொண்டு பிறந்தவை. செல் எப்போது பிரியும் என்ற கேள்விக்கு விடை வர மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் சியாட்டிலில் லீலாண்ட் ஹார்ட்வெல் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், குளிர்ந்த நிலையில் இயல்பாக வளர்ந்து, சற்று வெப்பமேறினால் சுற்றின் ஒரே கட்டத்தில் நின்றுபோகும் ஈஸ்ட் வகைகளைத் தேடிச் சேர்த்தார். மொட்டின் அளவைப் பார்த்தாலே ஒரு செல் சுற்றில் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது அவருக்குக் கிடைத்த பெரிய வசதி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பால் நர்ஸ், ஆப்பிரிக்கத் தானிய மதுவிலிருந்து 1893இல் பால் லிண்ட்னர் பிரித்தறிந்த வேறோர் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டார். மொட்டு விடாமல் நீளவாக்கில் வளர்ந்து நடுவில் இரண்டாகப் பிளக்கும் அந்த ஸ்கைசோசக்கரோமைசிஸ் பாம்பே, பனை, தென்னங் கள்ளிலும் காணப்படுவது. போதிய அளவு வளருமுன்பே பிரிந்துவிடும் குள்ளச் செல்களை அதில் கண்ட நர்ஸ், வளர்ச்சிக்கும் பிரிவுக்கும் இடையே நிற்கும் காவல் மரபணுவை அவற்றின் வழியே அடையாளம் கண்டார். அதே வேலையைச் செய்யும் மரபணு மனிதச் செல்லிலும் இருப்பதை 1987இல் அவர் குழு நிறுவியது. செல் பிரிவை ஆராய்ந்த மற்றொருவரான டிம் ஹண்ட்டையும் சேர்த்து மூவருக்கும் 2001இல் நோபெல் பரிசு கிடைத்தது.

1987 என்ற அந்த ஆண்டு வரப்புக்கு அப்பால் வேறு காரணத்துக்காக நினைவுகூரப்படுவது. ஆங்கிலேயர் பக்கம் 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பின் மரவரி முறை பரவியது. ஆப்காரி என்பது மது வரி நிர்வாகம். மரத்துக்கு எண்ணிட்டு, எண்ணுக்கு வரி வாங்கும் அம்முறை பழைய ஈழப்பூட்சியின் புதுப்பதிப்பே. பதநீருக்கு அவ்வரி இல்லை என்பதால் கலயத்தின் சுண்ணாம்பே சட்டத்தின் எல்லைக்கோடாயிற்று. சோதனைக்கு வரும் அலுவலர் ருசி பார்ப்பதைவிடக் கலயத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பதே போதுமானது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபருக்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவியபோது பிரெஞ்சுப் புதுச்சேரியின் ஊர்கள் அதற்குள் தீவுகளாக நின்றன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு இணைய வாக்களித்த பின்னும், அதே ஆண்டு நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறிய பின்னும், 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நிறைவேறிய பின்னும் அந்தத் தீவுகளில் கள் நிற்கவில்லை. 1970ஆம் ஆண்டின் புதுச்சேரி ஆயத்தீர்வைச் சட்டம் கள்ளுக்கடை, சாராயக்கடைகளை ஏலம்விடும் முறையை ஒழுங்குபடுத்தித் தொடர்ந்தது. தமிழ்நாடோ 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974இல் மீண்டும் இறுக்கி, 1983இல் டாஸ்மாக்கைத் தொடங்கி, 1987 முதல் கள்ளை விலக்கி வைத்தது. கலப்படம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்தைக் கள்ளில் கலக்கும் குற்றம் உண்மையானதே. அந்தக் கலப்படமும் இறக்கிய கள்ளின் அளவுக்கு மேல் விற்க, அன்றைய பொழுதுக்கு மேல் நீட்டிக்க முயன்ற பேராசையிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

இன்று வில்லியனூரை அடுத்த ஆரியப்பாளையத்தில் அரசு நிறுவனமான புதுச்சேரி வடிசாலை இருக்கிறது. கொம்யூன்களின் சாராயக்கடைகளுக்கு அங்கிருந்து சரக்குச் செல்கிறது. கள்ளுக்கு அப்படி ஓர் ஆலை இல்லை. இலங்கையின் வடமராட்சியில் பனைத் தொழில் கூட்டுறவுகள் திக்கத்தில் பனஞ்சாராயம் வடித்ததோடு, கள்ளைச் சூடேற்றி ஈஸ்ட்டை அடக்கிப் போத்தலில் அடைத்து விற்கும் வழியையும் கைக்கொண்டன; அவ்வாறு அடைக்கப்பட்ட கள் கடல் கடந்தும் செல்கிறது. பாகூர்ப் பக்கத்துக் கடைகளில் விற்பது இன்றும் அன்றைய காலையில் இறக்கியதுதான். மரமேறும் இளைஞர் குறைந்துவரும் இக்காலத்தில், ஏலம் எடுத்தவர் முதலில் தேடுவது மரத்தை அல்ல, ஏறத் தெரிந்தவரை.